பிளாக் டைம்: தமிழில் எப்படிச் சொல்வது?

> பிளாக் டைம் = பறப்பு நேரம். சரிதானா?

வணக்கம். சரியில்லை. ஒரு விமானப் பயணத்தில் நான்கு நேரங்கள் பதிவாகின்றன: விமானம் நிறுத்திய இடத்தைவிட்டு நகர்வது, ஓடுபாதையிலிருந்து எழுவது, மறுமுனையில் சக்கரம் தரையைத் தொடுவது, நிறுத்துமிடத்தில் போய் நிற்பது. முதலுக்கும் நான்காவதற்கும் இடைப்பட்டதுதான் பிளாக் டைம். எழுந்ததிலிருந்து தரை தொடும்வரை ஏர் டைம். 'பறப்பு நேரம்' இதற்குத்தான் பொருந்தும். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 'ஃபிளைட் டைம்' என்று வரையறுப்பதும் பிளாக் டைமைத்தான். அதைச் சொல்லைப் பார்த்துப் 'பறப்பு நேரம்' என்று பெயர்த்தால் விமானியின் பணிநேரக் கணக்கில் தரையில் ஊர்ந்த நேரம் விடுபட்டுப்போகும்.

சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு 178 பாகைக்குப் பக்கம். ஆகவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 49.4 பாகை, மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்தால் ஏறத்தாழ 15,350 கி.மீ. இதுதான் பெருவட்டத் தொலைவு. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணை காட்டும் பிளாக் டைமோ 18 மணிக்கும் மேல். நியூயார்க் போகும்போது மேலைக்காற்றின் உதவிக்காகப் பசிபிக் மேலாகச் சுற்றிப் போவது வழக்கம். தொலைவு கூடினாலும் எரிபொருள் மிச்சம். ஊர்தல், தரையிறங்கக் காத்திருத்தல், தாமதத்துக்கு ஒதுக்கும் சில நிமிடங்கள் எல்லாம் இதற்கு மேல் சேரும்.

பிளாக் என்பது சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கட்டை. நம் தேருக்குப் போடும் முட்டுக்கட்டையேதான். ஆனால் 'கட்டை நேரம்' என்றால் குறுகிய நேரம் என்று தோன்றிவிடும். தேர் நிற்குமிடத்தை 'நிலை' என்கிறோம். 'தேர் நிலைக்கு வந்தது' என்று சொல்லாத ஊரில்லை. அதிலிருந்து நிலையிடை நேரம் என்று பரிந்துரைக்கிறேன்.

---

> நிலையிடை நேரம்

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரு தயக்கம்: தனியாகப் பார்ப்பவர் 'நிலையங்களுக்கு இடையே' என்று பிரித்துப் படிக்கலாம். நான்கு பதிவுகளுக்கும் முதலில் பெயர் வைத்துவிட்டால் குழப்பம் நீங்கும்: நிலைவிடு நேரம், எழு நேரம், தொடு நேரம், நிலைசேர் நேரம். நிலைசேரிலிருந்து நிலைவிடைக் கழித்தால் நிலையிடை. தொடுவிலிருந்து எழுவைக் கழித்தால் பறப்பு.

விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: கழிக்குமுன் இரண்டையும் ஒருங்கிணைந்த உலகளாவிய நேரத்துக்கு (UTC) மாற்ற வேண்டும். சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி முன்னே ஓடுகிறது. பயணச்சீட்டில் இருக்கும் உள்ளூர் நேரங்களை அப்படியே கழித்தால் விடை அரைநாள் பிசகும்.

---

நான்கு பெயர்களும் ஏற்புடையவை. 'நிலைசேர்' படிக்கும்போதே தேர் கண்முன் வருகிறது. கலைச்சொல் பட்டியலில் இந்த வரிசையிலேயே சேர்த்துவிடலாம்.