மனசுல சாமி இல்ல, ஆனா டிசம்பர் வந்தா என்னமோ ஆகுது. உங்க கதை என்ன?

மெழுகுத்துளி

நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்பிக்கை போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. சண்டை போட்டுட்டு வெளியேறல, பால்பல் ஆடி ஆடி விழுமே, அது மாதிரி தானா விழுந்துச்சு. அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் 24 ராத்திரி ஆராதனைக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறது நான்தான். முட்டிவலி, படி ஏற ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான் என் பங்கு.

கடைசியில எல்லா விளக்கையும் அணைச்சிட்டு மெழுகுவத்தியோட 'சைலன்ட் நைட்' பாடுவாங்களே, அது உங்களுக்கே தெரியும். போன வருஷம் அந்த நேரத்துல சும்மா நின்னுட்டிருந்தேன், மெழுகு உருகி அட்டை வளையத்துல சொட்டுறதைப் பாத்துக்கிட்டு. ரெண்டாவது சரணத்துல பக்கத்துல யாரோ கீழ்ஸ்தாயியில பாடுறது கேட்டுச்சு. பேஸ். என் குரல்தான். அப்பா பாடுற வரி அது. எல்லாரும் பாடுற மெட்டு இல்ல, அதுக்கு அடியில ஓடுமே, அது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்ல. சின்ன வயசுல அவர் முழங்கை உரசுற தூரத்துல நின்னு நின்னு காதுல தங்கியிருக்கு. அவர் போய் நாலு வருஷம்.

அம்மா திரும்பிப் பாக்கல. பாட்டுப் புத்தகத்தை மட்டும் மெதுவா என் பக்கம் நகத்தி, கட்டைவிரலை ஒரு வரி மேல வெச்சாங்க. கண்ணாடி போடல, இருட்டு வேற. அவங்களுக்கு அந்த எழுத்து தெரிஞ்சிருக்கவே முடியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது "யாருக்காகடா பாடுன?"ன்னாங்க. "தெரியலம்மா"ன்னேன். அதோட சரி. வருஷம் திரும்பப் போகுது, இன்னும் அதைப் பத்திப் பேசல. உங்களுக்கு இப்படி ஏதாவது?

ஐந்துகட்டை

தம்பி, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அது பக்தி இல்ல, பழக்கம். நாலு குரல்ல பாடுற வீட்ல வளந்தவன் நாக்குல அந்த வரி எப்பவும் இருக்கும். அந்தப் பாட்டு அதுக்கு ஏத்த பாட்டும்கூட. 1818-ல ஆஸ்திரியாவுல முதல்முதலா பாடினப்போ துணைக்கு இருந்தது ஒரே ஒரு கிட்டார். ரெண்டே பேர் பாடி நிக்கக்கூடிய மெட்டு, அதான் இருட்டுல யார் வேணா சேந்துக்க முடியுது.

என் நிலைமையைக் கேளுங்க. சாமி நம்பிக்கை துளியும் இல்லாம இருபது வருஷமா கொயர் நடத்துறேன். போதகருக்குத் தெரியும், ஆனா சுருதி சுத்தமா இருக்கிறதால கண்டுக்கிறதில்ல. ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கு முன்வரிசைப் பையன், எட்டு வயசு இருக்கும், "சார், நீங்க மட்டும் ஏன் ஆமென் சொல்றதில்ல?"ன்னு கேட்டான். "அடுத்த பாட்டுக்குச் சுருதி கொடுக்கணும்டா"ன்னு சமாளிச்சேன். அன்னியிலேர்ந்து அவனும் ஆமென் சொல்றதில்ல. ஜெபம் முடியுற நேரத்துல வாயை இறுக மூடிக்கிட்டு என் கையையே பாக்குறான். அவன் பெத்தவங்க இன்னும் கவனிக்கல. இது எனக்குத் தூக்கம் கெடுக்குது.

இரவுப்பணி

நான் நர்ஸ். எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்தே யாருக்கும் மதம் கிடையாது. அதனால 24 நைட் டியூட்டியை நானே கேட்டு வாங்கிப்பேன், கொண்டாடுறவங்க வீட்டுக்குப் போகட்டும்னு. எனக்குக் கிறிஸ்துமஸ்னா நர்ஸ் ரூம்ல ஆள் இல்லாத நாற்காலிங்க, அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி, கடைசிக் கட்டில்ல ஒரு தாத்தா. நுரையீரல். மாஸ்க்கை விலக்கிட்டு "லூக்கா ரெண்டாம் அதிகாரம் வாசிம்மா"ன்னார். பைபிள் தலைமாட்டுலயே இருந்துச்சு. ஆரம்பிச்ச கையோட 'குடிமதிப்பு' வந்துடுச்சு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு. எனக்குள்ள இருக்கிற வாயாடி முழிச்சுக்கிட்டா. இயேசு பிறந்தப்போ ராஜாவா இருந்தார்னு பைபிள் சொல்ற ஏரோது செத்தது கி.மு. 4-ல்னு பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. இயேசு பிறந்தப்போ நடந்ததா லூக்கா சொல்ற குடிமதிப்பை ரோம ஆளுநர் சிரேனியு எடுத்தது கி.பி. 6-ல். ரெண்டுக்கும் ஏறக்குறையப் பத்து வருஷம் இடிக்குது. காலேஜ்ல இதை வெச்சே எத்தனை பேர் வாயை அடைச்சிருக்கேன்! நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மானிட்டர்ல ஆக்ஸிஜன் 84 காட்டிட்டிருந்தது. முழுங்கிட்டு மேல வாசிச்சேன்.

'முன்னணை'ன்னு ஒரு வார்த்தை. எனக்குத் தெரியல, தடுக்கி நின்னேன். கண்ணைத் திறக்காமலே "மாட்டுத் தொட்டிம்மா"ன்னார். வாசிச்சு முடிச்சதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நீ நம்புறவ இல்ல போல. நம்புறவங்க இந்த இடத்தை மடமடன்னு வாசிச்சுட்டுப் போயிடுவாங்க"ன்னார்.

அதைப் பாராட்டா எடுத்துக்கிறதா என்னன்னு இன்னும் பிடிபடல. 26-ம் தேதி டியூட்டிக்கு வந்தப்போ அந்தக் கட்டில்ல விரிப்பு மாத்தியிருந்துச்சு.

எதிர்க்கேள்வி

எல்லாரும் இப்படி உருகுறீங்களே. நம்பிக்கை இல்லன்னா இல்லன்னு இருக்க வேண்டியதுதானே? பாட்டு மட்டும் வேணும், மெழுகுவத்தி மட்டும் வேணும்னா அது ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். சுவிசேஷத்துல பிறந்த தேதியே கிடையாது. ரோமாபுரிக்காரன் கொண்டாடிட்டிருந்த சாட்டர்னாலியாவை அப்படியே 25-ம் தேதின்னு பேர் மாத்தி ஒட்டினதுதான் இந்தக் கிறிஸ்துமஸ். அன்னிக்கு நிஜமாவே பிறந்தவர் ஐசக் நியூட்டன், 1642. கொண்டாடணும்னா அவரைக் கொண்டாடுங்க. இப்ப ஆளாளுக்கு எக்ஸ்மஸ்னு எழுதுறதும் நல்லதுதான், கிறிஸ்து பேரையே எடுத்தாச்சு. நர்ஸம்மா அன்னிக்கு வாயை மூடிக்கிட்டது பெருந்தன்மை, சரி. ஆனா அதையே பழக்கமா வெச்சுக்கிட்டா உண்மையை எப்பதான் பேசுறது?

என் கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. எங்க வீட்ல எந்த மதத்துப் பண்டிகையும் கிடையாது, கல்யாணத்துக்கு முன்னாடியே நானும் அவளும் பேசி வெச்சது. போன டிசம்பர்ல சட்டை தேடி மகளோட பீரோவைத் திறந்தேன். கதவோட உள்பக்கம், கீழ்த்தட்டு உயரத்துல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. கிறிஸ்துமஸ் மரம். பச்சை ஸ்கெட்ச் பாதியில தீந்துபோய் மீதியை நீலத்துல அடிச்சிருக்கா. கீழ ரெண்டு பரிசுப் பெட்டி, ஒண்ணுல என் பேர். கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். இதுல சொல்ல என்ன இருக்கு?

பழைய நோட்டு

எதிர்க்கேள்வி அவர்களே, வாதம் செய்வதென்றால் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்டர்னாலியா டிசம்பர் 17-ல் தொடங்கும், நீண்ட காலத்தில்கூட 23-ஐத் தாண்டவில்லை. 25-ம் தேதிக்கு நமக்குக் கிடைக்கும் பழைய ஆதாரம் 354-ம் ஆண்டு ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டிச் சுவடி. அதே சுவடியில்தான் அதே நாளில் சூரியனுக்கான விழாவும் இருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மரியாள் கருவுற்ற நாளை மார்ச் 25 என்று கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்று சொல்வோரும் உண்டு. நியூட்டன் பிறந்தது பழைய ஜூலியன் கணக்கில்தான் 25. இன்றைய நாட்காட்டிப்படி 1643 ஜனவரி 4. எக்ஸ்மஸ் இன்னும் வேடிக்கை. அந்த எக்ஸ், கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற சொல்லின் முதல் எழுத்து. பேரை எடுக்கவில்லை, சுருக்கி எழுதினார்கள்.

இன்னொன்று. இந்தப் பண்டிகையை வீட்டில் தடை செய்தவர் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1647-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தடை செய்தது. 1659-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம், 1681 வரை. போட்டவர்கள் நாத்திகர்கள் அல்ல, வேதத்தில் இந்தத் தேதி இல்லை என்று சொன்ன கடும் பக்தர்கள். உங்கள் வாதத்தை உங்களுக்கு முன்னால் அவர்கள் பேசிவிட்டார்கள்.

என் அனுபவம் சிறியது. 1986-ல் சோவியத்தில் மாணவன். அங்கே கிறிஸ்துமஸ் மரத்தை இருபதுகளின் கடைசியில் ஒழித்துவிட்டு, 1935 முடிவில் புத்தாண்டு மரம் என்று திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் விடுதிக் காவல்கார அம்மாள் கண்ணாடி உருண்டைகளைப் பஞ்சிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். பெட்டியின் அடியில் ஒரு பொட்டலம். பிரித்தார். காகிதத்தில் வெட்டிய தேவதை, ஒரு சிறகு இல்லை. பார்த்தார். திரும்பச் சுற்றி உள்ளே வைத்தார். நான் இருந்த நான்கு வருடமும் இதே. ஒரு முறைகூட அதை மாட்டவில்லை. ஒரு முறைகூட அதைப் பிரிக்காமல் விடவும் இல்லை. நீங்கள் நம்புகிறவரா என்று கேட்க என்னிடம் மொழி போதவில்லை. பிறகு போதிய மொழி வந்தபோதும் கேட்கவில்லை.

குடில்காரி

நான் நம்புறவ. இங்க வரலாமான்னு தெரியல, ஆனா படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. மரமும் நட்சத்திரமும் பாட்டும் எல்லாருக்கும் வேணும், தொட்டியில கிடக்கிற பிள்ளை மட்டும் வேணாம். சில நேரம் கோவம் வரும், மறைக்கல.

எங்க கோயிலுக்கு வருஷா வருஷம் சீரியல் லைட் கட்டுறவர் ஒரு அண்ணன். சுத்த நாத்திகர், வாயைத் திறந்தா வம்பு. காசும் வாங்க மாட்டார். குடில்ல பாலன் சுரூபத்தை நள்ளிரவுலதான் வைப்போம், அதுவரைக்கும் தொட்டி காலியா இருக்கும். ஒரு வருஷம் மணி பன்னெண்டு, பாடகர் குழு பாடி முடிக்கப் போறாங்க, சுரூபத்தைக் காணோம். சாமியார் என்னைப் பாக்குறார், நான் உபதேசியாரைப் பாக்குறேன். எனக்கு வேர்த்துக் கொட்டுது. அப்ப இவர் பின்வாசல்லேர்ந்து லுங்கியோட ஓடி வர்றார். சாயங்காலம் ஏணி இடிச்சு உடைஞ்சுடும்னு தன் டூல்ஸ் பையில எடுத்து வெச்சிருக்கார், மறந்துட்டார். ஸ்பேனருக்கும் டெஸ்டருக்கும் நடுவுல, தன் தோள் துண்டுல சுத்தி வெச்சிருந்தார். பிரிச்சு என் கையில கொடுக்கும்போது தலைக்கு அடியில உள்ளங்கையைத் தாங்கிக் கொடுத்தார். பச்சப்புள்ளையைக் கை மாத்துவோமே, அப்படி. அது பிளாஸ்டர், அண்ணே.

கண்திறந்தவள்

மெழுகுத்துளி தம்பிக்குச் சொல்றேன். அம்மாகிட்ட உக்காந்து பேசிடுங்க. தள்ளிப் போடாதீங்க. ஆனா 24-ம் தேதி பேசாதீங்க, அவங்களுக்கு அன்னிக்கு நூறு வேலை. 26 நல்ல நாள். பேசும்போது "நான் நம்பல"ன்னு ஆரம்பிக்காதீங்க, அது அவங்களுக்குத் தெரிஞ்சதுதான். அப்பாவோட குரலைப் பத்தி ஆரம்பிங்க. அழுதா அழட்டும், தண்ணி எடுத்துட்டு வர்றேன்னு எழுந்து ஓடாதீங்க, ஆம்பளைங்க அதான் பண்ணுவீங்க. எதிர்க்கேள்வி சார், நீங்க மகள்கிட்ட "பாத்தேன்"னு சொல்லிடாதீங்க. சொன்னா அதைக் கிழிச்சுடுவா. வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், செல்லோடேப் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஐந்துகட்டை ஐயா, அந்தப் பையனை நினைச்சு பயப்படாதீங்க. எட்டு வயசுல எல்லாப் பிள்ளைங்களும் யாரையாவது பாத்து காப்பியடிக்கும், அடுத்த வருஷம் வேற ஆளைப் புடிச்சுக்குவான். வேணும்னா அடுத்த தடவை வாயை மட்டும் அசைங்க. பொய் சொல்ற மாதிரி இருந்தா அதையும் விட்டுடுங்க. குடில்காரி அக்கா, அந்த அண்ணனுக்கு வருஷா வருஷம் காசு இல்லாம வேலை வாங்காதீங்க, நல்லதா ஒரு டெஸ்டராவது வாங்கிக் கொடுங்க.

என் கதை சுருக்கம்தான். மாமியார் வீடு பக்தி நிறைஞ்ச வீடு. கிறிஸ்துமஸ் மத்தியானம் பெரிய மாமா ஜெபம் ஆரம்பிச்சா எல்லார் தலையும் குனியும், பதினஞ்சு நிமிஷம். எனக்குக் கண் மூடினா நடிக்கிற மாதிரி இருக்கும், அதனால தரையைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். கல்யாணமான மூணாவது வருஷம் தற்செயலா நிமிர்ந்தேன். எதிர்ல மாமியார் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருக்காங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டு செகண்டு. அப்புறம் அவங்களே கீழே பாத்துட்டாங்க. இப்ப ஒம்பது வருஷமாச்சு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு தடவை நிமிர்ந்து பாப்பேன். அவங்களும் பாப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல.

மெழுகுத்துளி

26-ம் தேதி யோசனை பிடிச்சிருக்கு. தண்ணி எடுக்க எழுந்து ஓடுறது, அது எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?

எதிர்க்கேள்வி

பழைய நோட்டு, 17 டு 23, ஒத்துக்கிறேன். ஷில்லிங் விஷயமும் போய்ப் படிச்சுப் பாத்தேன், சரிதான். அந்தக் கூட்டத்தோட என்னைச் சேத்ததுதான் உறுத்துது.

செல்லோடேப் என் மேஜையிலேர்ந்துதான் போயிருக்கு. நேத்து அவ ஸ்கூலுக்குப் போனப்புறம் திரும்பத் திறந்து பாத்தேன். மரம் அங்கயேதான் இருக்கு, ஓரம் சுருண்டுடுச்சு. பச்சை ஸ்கெட்ச் ஒண்ணு வாங்கி அவ பென்சில் டப்பாவுல போட்டு வெச்சேன். சாயங்காலம் வந்து பாத்துட்டு, "இது யாருதுப்பா?"ன்னா. கடையில மீதிச் சில்லறைக்குக் கொடுத்தாங்கன்னு சொல்லிட்டேன்.