பானிக் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எது?

கேள்வி – ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. பங்குச் சந்தைச் செய்தியில் ‘பானிக் செல்லிங்’ என்கிறார்கள். மருத்துவர் ‘பானிக் அட்டாக்’ என்கிறார். இரண்டும் ஒரே சொல்தானா? ‘பான்’ என்றால் கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்று பொருள், எல்லோரும் சேர்ந்து அஞ்சுவதால் அந்தப் பெயர் என்று உடன் பணிபுரிபவர் விளக்கினார். கொரோனாக் காலத்தில் ‘பாண்டமிக்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஆயினும் ஐயம் தீரவில்லை.

பதில் 1 – ஈரோடு வாசகர்

ஒரே சொல்தான் ஐயா. ஆனால் ‘எல்லாம்’ என்ற பொருளோடு இதற்குத் தொடர்பில்லை. அவ்வாறு முடிச்சுப் போடுவது பழங்கிரேக்கர்களுக்கே இருந்த பழக்கம். பான் என்பது ஆர்க்காடியா மலைநாட்டு இடையர்கள் கும்பிட்ட மேய்ச்சல் தெய்வத்தின் பெயர். கொம்பும் வெள்ளாட்டுக் காலும் உண்டு. ஆளரவமற்ற காட்டில் மந்தை திடீரென மிரண்டு சிதறினாலும், இரவுப் பாசறையில் பகைவரைக் காணாமலேயே வீரர்கள் அலறியடித்து ஓடினாலும், கண்ணுக்குத் தெரிந்த காரணம் இல்லாதபோது அதைப் பானின் வேலை என்றார்கள்.

கி.மு. 401-இல் பாரசீகத்துக்குள் சென்ற கிரேக்கக் கூலிப்படையில் இப்படி ஓர் இரவு பெருங்கூச்சல் கிளம்பியதாக, உடன் சென்ற செனபோன் எழுதியிருக்கிறார். தளபதி கிளியார்க்கஸ், படைக்கலங்கள் இருந்த இடத்தில் கழுதையை அவிழ்த்துவிட்டவனைக் காட்டிக்கொடுப்பவருக்கு ஒரு தாலந்து வெள்ளி பரிசு என்று முரசறிவிப்போன் மூலம் கூறச் செய்தார். அச்சம் வீண் என்று உணர்ந்து வீரர்கள் அடங்கினார்கள். கழுதை உண்மையில் இருந்ததா என்பதே எனக்கு ஐயம்.

பிரெஞ்சு வழியாக 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது இது பெயரடையாகவே இருந்தது. பெயர்ச்சொல்லானதும் சந்தைக்குச் சென்றதும் பின்னர்தான். 1873, 1907 ஆண்டுகளின் அமெரிக்க வங்கி நெருக்கடிகளுக்கு இதுவே பெயர்.

பதில் 2 – மருந்தாளுநர், கோவை

கூட்டத்தின் அச்சமாக இருந்தது மருத்துவத்தில் தனியொருவரின் உடலுக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980-ஆம் ஆண்டு வகைப்பாட்டில்தான் ‘பானிக் டிஸ்ஆர்டர்’ தனி நோயாக இடம்பெற்றது. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, சாகப்போகிறோம் என்ற எண்ணம் சில நிமிடங்களில் உச்சத்தை அடையும். வெளியே ஆபத்து எதுவும் இருக்காது. நாளிதழ்களின் ‘பீதி’யில் இந்த நுட்பம் இல்லை, காரணமுள்ள அச்சத்துக்கும் அதையே எழுதுகிறார்கள்.

பதில் 3 – ஆடு வளர்ப்பவர், காங்கேயம்

அந்த இடையர்கள் சொன்னதில் வியப்பில்லை. கொறங்காட்டில் மேய்ந்த செம்மறிகளை இரவில் பட்டியில் அடைத்திருக்கும்போது, நாயோ நரியோ வராமலே ஓர் ஆடு துள்ளி எழும். மறுநொடி அத்தனையும் ஒரு மூலைப் படலில் போய் நெருக்கும், அடியில் சிக்கிய குட்டி மூச்சுத் திணறும். பழகிய ஆள் குரல் கொடுத்தால்தான் அடங்கும். ஓர் ஐயம்: சாமை விதைப் பையில் ‘பானிக்கம்’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதுவும் இந்தத் தெய்வம்தானா?

பதில் 4 – ஈரோடு வாசகர்

இல்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. பானிக்கம் என்பது தினை வகைக்கு உரோமர்கள் வழங்கிய இலத்தீன் பெயர். தாவரவியலார் தினையைப் பின்னர் ‘செட்டாரியா’ என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சாமையும் பனிவரகும் பழைய பெயரிலேயே இருக்கின்றன.