ஸ்பானியம்: 'விவீ', 'விவீயா' குழப்பம், உதவி தேவை

மாடிவீடு:
நெடுநாள் நீடித்த செயலுக்கு 'விவீயா' போன்ற இம்பெர்ஃபெக்தோ என்னும் இறந்தகால வடிவம்தான் வரும் என்று படித்து, அப்படியே எழுதியும், ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'விவீ' போன்ற இன்தெஃபினீதோ என்னும் இன்னோர் இறந்தகால வடிவத்தை எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை தேர்வு. யாராவது விளக்குங்கள்.

கீரன்:
அடிபட்ட வாக்கியம் எது? எந்த நாட்டு ஸ்பானியம் படிக்கிறீர்கள்?

தெற்குவாசல்:
வாக்கியமே தேவையில்லை. தமிழில் 'கொண்டிருந்தேன்' வரும் இடமெல்லாம் இம்பெர்ஃபெக்தோ, மற்றவை இன்தெஃபினீதோ. நான் இதை வைத்துத்தான் தேறினேன்.

பழந்தடம்:
'சிறுவயதில் நாள்தோறும் கடற்கரைக்குப் போவேன்' என்பதற்கும் 'இபா' என்ற இம்பெர்ஃபெக்தோதான் வரும்; அங்கே 'கொண்டிருந்தேன்' எங்கே இருக்கிறது? இந்த வடிவத்தில் ஒழுங்கு மீறுபவை செர் (இருத்தல்), இர் (போதல்), வேர் (பார்த்தல்) ஆகிய மூன்றே வினைகள். அதையாவது மனப்பாடம் செய்துவிட்டுக் கேள்வி கேட்க வந்தால் எங்கள் நேரம் மிச்சமாகும்.

மாடிவீடு:
வாக்கியம் இதுதான்: 'விவீயா த்ரேஸ் ஆன்யோஸ் என் மாத்ரித்'. மூன்று ஆண்டுகள் மாட்ரிட்டில் வசித்தேன் என்று சொல்ல வந்தேன். மூன்று ஆண்டுகள் நீண்ட காலம் இல்லையா?

கீரன்:
நீளம் இங்கே கணக்கிலேயே வராது. 'மூன்று ஆண்டுகள்' என்று மொத்த அளவைச் சொல்லிவிட்டால், அந்தக் காலத்தை முடிந்துபோன ஒன்றாக வெளியிலிருந்து பார்க்கிறீர்கள் என்று பொருள், ஆகவே 'விவீ'. ஒரு பேரரசு பல நூற்றாண்டுகள் நீடித்தது என்றாலும் 'துரோ' என்ற இன்தெஃபினீதோவே வரும். மாறாக, 'குவாந்தோ விவீயா என் மாத்ரித், கொனொசீ அ ஆனா' என்னும்போது ஆனாவை அறிமுகம் செய்துகொண்டதே நிகழ்வு, வசித்தது அதன் பின்னணி. 1847இல் வெளிவந்த தம் இலக்கணத்தில் இலக்கண அறிஞர் ஆந்த்ரேஸ் பெல்யோ இம்பெர்ஃபெக்தோவுக்கு 'கோப்ரெதேரிதோ' (உடன்-இறந்தகாலம்) என்று பெயரிட்டது, அது இன்னோர் இறந்தகால நிகழ்வோடு உடன்நிகழ்வதால்தான்.

தெற்குவாசல்:
அந்தப் பெயர் மெக்சிகோப் பாடநூல்களுக்குச் சரி. ஸ்பெயினில் அப்படிச் சொன்னால் பலருக்குப் புரியாது.

பழந்தடம்:
பெயரை விடுங்கள், வழக்கே வேறு. இன்று காலை சாப்பிட்டதை மாட்ரிட்காரர் 'ஏ கொமீதோ' என்று வேறோர் இறந்தகால வடிவத்தில் சொல்வார். மெக்சிகோக்காரர் 'கொமீ' என்று இன்தெஃபினீதோவிலேயே சொல்வார்.

தெற்குவாசல்:
ஸ்பெயின் முழுக்க அப்படி இல்லை. கலீசியாவிலும் கனாரித் தீவுகளிலும் இன்று நடந்ததற்கும் 'கொமீ' சாதாரணமாக வழங்குகிறது.

பழந்தடம்:
விதிவிலக்குகளை அடுக்கித் தேர்வு எழுதப்போகிறவரைக் குழப்ப வேண்டாம்.

தெற்குவாசல்:
அட்லாண்டிக்கின் இரு கரையிலும் உள்ள வழக்கை விதிவிலக்கு என்பது உங்களால் மட்டுமே முடியும்.

மாடிவீடு:
'விவீ' புரிந்தது, நன்றி. ஆசிரியர் மெக்சிகோக்காரர், ஆகவே 'இன்று காலை' வந்தாலும் 'கொமீ' என்றே எழுதுகிறேன்.