‘குளிர் ஷார்டனே’ வேண்டாம், ‘தண்புல ஷார்டனே’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில் உணவகப் பணியாளர்களுக்கான பயிற்சிக் குறிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். ஷார்டனே என்னும் வெள்ளைத் திராட்சையின் மதுவில், வெப்பம் குறைந்த நிலத்தில் விளைந்ததை ஆங்கிலத்தில் ‘cool-climate Chardonnay’ என்பார்கள். அதற்கு நண்பர் பரிந்துரைத்த ‘குளிர் ஷார்டனே’ என்பதைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். அதைப் படித்த இளைஞர் ஒருவர் புட்டியைப் பனிக்கட்டி வாளிக்குள் இறக்கிவிட்டு, “குளிர வச்சிட்டேன் அண்ணே” என்றார். கொடி வளர்ந்த நிலத்தைச் சொல்ல வேண்டிய சொல் புட்டியின் நிலையைச் சொல்லிவிட்டது.

‘குளிர்ப்பிரதேசம்’ என்றாலோ பனி மூடிய நிலமே நினைவுக்கு வருகிறது. அங்கே இத்திராட்சை பழுக்காது. பிரான்சின் ஷாப்ளியிலும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் கோடை உண்டு, ஆனால் வெப்பம் அளவோடு நிற்கிறது. 1944இல் அமெரைன், விங்க்ளர் என்னும் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாள்தோறும் சராசரி வெப்பநிலை 50 பாகை ஃபாரன்ஹீட்டை (10 செல்சியஸ்) எவ்வளவு மிஞ்சுகிறது என்று கூட்டி, அத்தொகை 2,500ஐத் தாண்டாத நிலங்களை முதல் மண்டலம், அதாவது வெப்பம் மிகக் குறைந்த மண்டலம், என்று வகுத்தார்கள்.

சுவையின் வேறுபாடும் அங்கிருந்தே தொடங்குகிறது. வெப்பம் மிகுந்தால் பழம் தன் மாலிக் அமிலத்தை மூச்சுவிடுதலில் செலவழித்துவிடும். வெப்பம் தணிந்த இடத்தில் அது பெரிதும் எஞ்சுகிறது. அதனால்தான் ஷாப்ளியின் ஷார்டனே மதுவை ஒரு மிடறு பருகியதும், பச்சை ஆப்பிளைக் கடித்தாற்போல் தாடையோரம் நீர் சுரக்கிறது; எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் எழும் மணம் மூக்கில் நிற்கிறது. வெப்ப நிலத்து ஷார்டனேயில் அன்னாசியும் மாம்பழமும் மணக்கும். வெண்ணெய் மணத்தை மட்டும் நிலத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டைஅசிட்டைலின் மணம் அது.

ஆகவே ‘தண்புலம்’ என்பதை முன்வைக்கிறேன். வன்புலம், மென்புலம் என்று நிலத்தை வகைப்படுத்திய மரபோடு இது பொருந்துகிறது. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் ‘தண்கமழ் தேறல்’ என்கிறது. அங்கே ‘தண்’ நறுமணத்துக்கு அடை என்றாலும், திராட்சை மதுவின் அருகில் அச்சொல் அன்றே ஒட்டி நின்றிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

‘தண்மை இன்பத்தையே குறிக்கும், உழவரின் துன்பம் அதில் இல்லையே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷார்டனே முந்தித் துளிர்ப்பது. வசந்தகால உறைபனி அத்துளிரைக் கருக்கிவிடும். ஷாப்ளியில் இரவெல்லாம் கொடிகள்மீது நீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைக் காக்கிறது. ஆயினும் அந்த இடருக்கு ‘உறைபனி’ என்னும் தனிச்சொல் இருப்பதால், ‘தண்புலம்’ அதையும் சுமக்க வேண்டியதில்லை.

எதிர்ச்சொல்லில்தான் தடுமாறுகிறேன். ‘வெம்புலம்’ என்றால் வெம்பிய பழம் நினைவுக்கு வந்து, நன்றாக விளைந்த மதுவுக்கும் பழி சேர்கிறது. ‘வெயிற்புலம்’ பொருந்துமா என்று கருத்துக் கூறுங்கள்.