புதுப்பிப்பு: ஆசிரியர் ஆள்சேர்ப்பு ஒப்பந்தத் தொகையைப் பார்க்க வழி கிடைத்தது

ஆசிரியர் ஆள்சேர்ப்புக்காக வெளி நிறுவனங்களுக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் கொடுக்கும் ஒப்பந்தங்களின் தொகையை எங்கே பார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜி (data.gov.sg) யோசனைதான். அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸின் (GeBIZ) கொள்முதல் பட்டியலை அங்கே இலவசமாக இறக்கி, கல்வி அமைச்சை மட்டும் வடிகட்டினேன். ஏலக்குத்தகை (டெண்டர்) எண், விவரம், நாள், நிறுவனம், தொகை எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன.

எதிர்பாராதது ஒன்று: ஒரே எண் பல வரிகளில் வருகிறது. வேலையைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அப்படி வரும். எல்லாவற்றையும் கூட்டினால்தான் மொத்தம். தொகை 0 என்றிருந்தால் நிலையைக் காட்டும் கட்டத்தையும் பாருங்கள், யாருக்கும் தரப்படவில்லை என்று இருக்கும்.

அப்புறம், ஒப்பந்தப் பத்திரம் இதில் இல்லை. அதைச் சட்டப்படி கேட்டு வாங்கச் சிங்கப்பூரில் தகவல் உரிமைச் சட்டமும் கிடையாது. பொதுப்பணம் என்பதால் அந்தப் பத்திரமும் திறந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.