அக்ரகாரத்து ஓட்டு வீடுகள்: இடிக்கலாமா, கூடாதா?

குடமுருட்டி:
கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர் அக்ரகாரத்து வடக்குச் சிறகில் (வடக்கு வரிசையில்) இன்னொரு வீட்டையும் இடிக்கப்போகிறார்கள். கூடத்துத் தேக்குத் தூண்களுக்குப் பழைய சாமான் வியாபாரி விலை பேசிவிட்டார். விற்பது வீட்டுக்காரர் உரிமைதான். ஆனால் அது தனி வீடு இல்லையே! இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர், இரு பக்கத்து உத்தரமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பிரித்தால், அதுவரை மழையே படாத சுவரில் ஐப்பசி மழை நேராக அடிக்கும். தெருவுக்கே பொதுவான கட்டுமானம் இது. இடிக்கவே கூடாது என்கிறேன்.

மன்னை_வாசி:
அண்ணே, உள்ளே குடியிருக்கிறவனைக் கேளுங்க. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும், அதுக்கு ஆள் கிடையாது. குரங்கு ஒரு ஆட்டம் போட்டா கூடம் பூரா ஒழுகுது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரி, ஓடு பறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே குழந்தைகளோட சாமி உள்ளுல உட்கார்ந்திருந்தோம். அன்னிக்கே காங்கிரீட்னு முடிவு பண்ணிட்டேன். திண்ணை, ரேழி, முற்றம்னு படம் பிடிக்க வர்றவங்க யாரும் கூரை ஏற வர்றதில்ல.

கொத்தனார்_மகன்:
கஜா விஷயத்துல மன்னைக்காரர் சொல்றது நியாயம். ஆனா ஒழுகலுக்கு ஓடு மட்டும் காரணமில்ல. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடுக்காய்த் தண்ணி, வெல்லம் விட்டு அரைச்ச சாந்து அது. உள்ளே ஏறுற ஈரத்தை வெளியே விட்டுடும். நம்ம ஆளுங்க அது மேல சிமெண்ட் பூசுறாங்க. ஈரம் வெளியேற வழியில்லாம உப்பு பூத்து, பூச்சு பொரிஞ்சு பொரிஞ்சு விழுது. உடனே "வீடு கெட்டுப்போச்சு"ன்னு முடிவு கட்டிடறாங்க. வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் ஒரே நேர்கோட்டுல கதவு வெச்சது எதுக்கு? தெருக்காத்து உள்ளே வந்து கொல்லை வழியா போகணும், முற்றத்துச் சூடு மேலே ஏறணும். காங்கிரீட் போட்டதும் முற்றத்தை மூடிடறாங்க. அப்புறம் ஏசி இல்லாம சித்திரையில படுக்க முடியுதா?

கீழத்தெரு:
காத்து, சாந்து எல்லாம் சரி. அந்தத் தெருவுல எங்க தாத்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடந்தாரு. திண்ணையில உட்காரவே விட்டதில்ல. ஓடு சுட்டது குயவர், மரம் இழைச்சது ஆசாரி, சுவர் வெச்சது கொத்தனார். வீட்டை மட்டும் புகழ்ந்துட்டு இதைப் பேசாம விட்டா அது பாதி வரலாறு. அரசுப் பணத்துல காப்பாத்தணும்னா எங்க தெரு ஓட்டு வீடும் அந்தக் கணக்குல வரணும்.

குடமுருட்டி:
கீழத்தெரு நண்பர் சொல்வது முழுக்க உண்மை, அந்தக் கோரிக்கையும் என்னுடையதுதான். தரங்கம்பாடியைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே கோல்ட்ஸ்மித் தெருவின் சின்னச் சின்ன வீடுகளையும் சீர்செய்தது. டேனிஷ்காரன் 1620ல் கட்டிய கோட்டை மட்டும்தான் மரபு என்று நிற்கவில்லை.

மன்னை_வாசி:
தரங்கம்பாடிக்கு சுற்றுலா வருது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவுல கணித மேதை ராமானுஜன் வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பார்த்துக்குது. எங்க தெருவுல பிறந்த யாருக்கு எந்தப் பல்கலைக்கழகம் வரும்? பணம் யார் தர்றதுன்னு முதல்ல சொல்லுங்க.

கொத்தனார்_மகன்:
பணம் வரும்வரை மழை காத்திருக்காது. இடிக்கிறவர்கிட்ட இப்பவே பேசுங்க. பொதுச்சுவரைக் கூரை உயரம் வரைக்கும் தொடாம விடச் சொல்லுங்க. உத்தரம் உருவுன ஓட்டையைச் செங்கல் வெச்சுச் சுண்ணாம்புலயே அடைக்கணும். சுவர் தலையில தண்ணி நிக்காம சரிவா பூசிடணும். சில நாள் வேலைதான். அடுத்த வீடு பிழைச்சுக்கும்.

மன்னை_வாசி:
அதுக்கு நானும் சம்மதம், கூட வந்தே பேசுறேன். ஆனா என் வீட்டுக் கூரை காங்கிரீட்தான். அதுல மாத்தமில்ல.

குடமுருட்டி:
கூரை உங்கள் விருப்பம். முற்றத்தை மட்டும் மூடாதீர்கள், அண்ணே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், சேர்ந்தே போவோம்.