குறைவாகப் பேசுபவருக்கு எந்த ப்ரீபெய்டு திட்டம் கட்டுப்படியாகும்?

முற்றம்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் கைப்பேசிக்கு ஏற்ற, செலவு குறைந்த ப்ரீபெய்டு திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்கள் யோசனை தேவை. அவருக்கு வரும் அழைப்புகள்தான் அதிகம். அவராக அழைப்பது நாளுக்கு ஓரிரு முறை, அதுவும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் வைஃபை இருப்பதால் காணொளி அழைப்புகளுக்கு அதையே பயன்படுத்துகிறார். வெளியே போகும்போது எப்போதாவது ஒரு படம் அனுப்புவார், அவ்வளவுதான். ஆனால் வங்கியின் ஓடிபி எல்லாம் இந்த எண்ணுக்குத்தான் வருகிறது. இப்போது போட்டிருப்பது 28 நாள் வேலிடிட்டியும் தினசரி டேட்டாவும் உள்ள திட்டம். அந்த டேட்டாவை அவர் தொடுவதே இல்லை. பேசுவதற்கு ஏற்பப் பேலன்ஸிலிருந்து பணம் கழியும் பழைய முறைக்கு மாறலாமா, அல்லது ஓராண்டுத் திட்டம் ஒன்றை எடுத்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
முதலில் மாத விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள்; ஆனால் 365 நாளை 28 நாளால் வகுத்தால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பது தெரியவரும். இதே போல 84 நாள் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் குறைவு. எனவே எந்தத் திட்டமாக இருந்தாலும் விலையை அதன் நாள்களால் வகுத்து, ஒரு நாளுக்கு என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது பேச்சு. திட்டத்தின் விலையை, திட்டம் இல்லாதபோது ஒரு நிமிடத்துக்குக் கழியும் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 200 நிமிடம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த வேலிடிட்டிக்குள் அம்மா தாமாக அழைத்துப் பேசுவது 60 நிமிடம்தான் என்றால், மீதி 140 நிமிடத்துக்கான பணத்தை அவர் பேசாமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு பேசுகிறார் என்பதை ஊகிக்க வேண்டாம். அழைப்புப் பட்டியலில் ஒவ்வொரு அழைப்பின் நேரமும் இருக்கும்; அமைப்புகளுக்குள் போனால், எந்தச் செயலி எவ்வளவு மொபைல் டேட்டா எடுத்தது என்ற கணக்கும் கிடைக்கும். வைஃபை வழியாகச் சென்றதை அதில் சேர்க்காதீர்கள்.

பேலன்ஸிலிருந்து கழியும் முறையில் கவனிக்க வேண்டியது, கட்டணம் நொடிக்கா நிமிடத்துக்கா என்பதே. 20 நொடி அழைப்புகள் மூன்று பேசினால் உண்மையில் பேசியது ஒரு நிமிடம். நிமிடக் கணக்கில் மூன்று நிமிடம் கழியும். அம்மாவைப் போலச் சுருக்கமாகப் பேசுபவருக்கு நொடிக் கணக்குதான் பொருத்தம், அதன் விகிதம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் கூட.

டேட்டாவைப் பொறுத்தவரை, தினசரி டேட்டா என்பது அன்றன்றைக்கே காலாவதியாகிவிடும். எப்போதாவது படம் அனுப்புபவருக்கு, வேலிடிட்டி முழுவதற்கும் சேர்த்துச் சிறிய அளவாகக் கொடுக்கும் திட்டமே போதுமானது. திட்டமே இல்லாமல் டேட்டாவை இயக்கினால் எம்பி கணக்கில் கழியும் கட்டணம் கடுமையாக இருக்கும் என்பதால், அந்த முறைக்குப் போவதாக இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டு பேலன்ஸைத் தின்றுவிடும்.

சிக்னல்_இல்லை:
மேலே நண்பர் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் இந்த எண்ணில் ஓடிபி வருகிறது என்பதை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்று நினைக்கிறேன். குறைவாகப் பயன்படுத்துபவருக்குப் பேச்சோ டேட்டாவோ பெரிய செலவே அல்ல. எண்ணை உயிரோடு வைத்திருப்பதுதான் செலவு. வேலிடிட்டி முடிந்தால் வழக்கமாக முதலில் வெளி அழைப்பு நிற்கும், சில நாள் கழித்து உள் அழைப்பும் எஸ்எம்எஸும் நிற்கும், நெடுநாள் அப்படியே விட்டால் எண்ணைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அம்மாவின் வங்கிச் செய்திகள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "பேலன்ஸ் இருந்தால் போதுமா, அல்லது வேலிடிட்டிக்காகத் தனியே ரீசார்ஜ் செய்ய வேண்டுமா?" என்பதுதான். பேலன்ஸ் நிறைய இருந்தும் வேலிடிட்டி இல்லாமல் நின்றுபோன எண்கள் ஏராளம்.

வெளியே எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி திட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வங்கிச் செயலிகள், எண்ணைச் சரிபார்ப்பதற்காகக் கைப்பேசியிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது போகாவிட்டால் செயலிக்குள் நுழையவே முடியாது.

நூலேணி:
கைப்பேசியில் இரண்டு சிம் போட முடியுமென்றால், வங்கிக்கான எண்ணை மிகக் குறைந்த வேலிடிட்டித் திட்டத்தில் வைத்துக்கொண்டு, பேசுவதற்கு வேறு நிறுவனத்தின் மலிவான சிம் ஒன்றை வாங்கிப் போடலாமே?

சிக்னல்_இல்லை:
அலுவல் காரணமாக நிறையப் பேசுபவருக்கு அது நல்ல யோசனை. இங்கே இரண்டு வேலிடிட்டிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிவரும், மிச்சமாகும் தொகையும் சொற்பமே. எந்த எண்ணிலிருந்து அழைக்கிறோம் என்ற குழப்பம் வேறு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முற்றம்:
விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பேலன்ஸ் முறைக்கு மாறினால் கட்டுப்படியாகும் என்றே கணக்கு சொல்கிறது, வேலிடிட்டியைத் தனியே விசாரித்துக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம். அம்மா தம் தோழிகளுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் பழக்கம் உள்ளவர். ஒரே ஒரு செய்தி அனுப்பினாலும் இரண்டு மூன்று எஸ்எம்எஸுக்கான கட்டணம் கழிகிறது. இது ஏன்?

கணக்குப்பிள்ளை:
ஒரு எஸ்எம்எஸ் சுமக்கக்கூடியது 140 பைட் மட்டுமே. ஆங்கில எழுத்துகளை 7 பிட் முறையில் அடைப்பதால் அதற்குள் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு வழக்கமாக யூனிகோடு முறை பயன்படுவதால் ஒவ்வொரு குறிக்கும் 2 பைட் ஆகி, 70 குறிகளோடு நிறைந்துவிடும். அதிலும் நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பது கணினிக்கு இரண்டு குறியாக இருக்கலாம்: "க்" என்பது ககரமும் புள்ளியும், "கொ" என்பது ககரமும் ஒகரக் குறியும். "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. செய்தி 70 குறியைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் வேண்டியிருப்பதால், அப்போது ஒவ்வொரு துண்டிலும் 67 குறிதான் போகும். ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட செய்தியின் கடைசியில் ஒரே ஒரு முகக்குறி (எமோஜி) சேர்த்தாலும் செய்தி முழுவதும் இந்தக் கணக்குக்கு மாறிவிடும்.

ஆகவே பேலன்ஸ் முறையில் அம்மாவுக்கு உண்மையான செலவு பேச்சாக இல்லாமல் எஸ்எம்எஸாக இருக்கக்கூடும். தோழிகளிடமும் இணையம் இருந்தால் அரட்டைச் செயலிக்கு மாறச் சொல்லுங்கள். எழுத்துச் செய்திக்குச் சில கிலோபைட்டே போதும். அது முடியாதென்றால், எஸ்எம்எஸ் எண்ணிக்கை சேர்ந்த சிறிய திட்டம் ஒன்றைத் தேடுவதே நல்லது. நான் முதலில் சொன்ன வகுத்தல் கணக்கில் இதையும் சேர்த்துப் பாருங்கள், விடை மாறலாம்.

நூலேணி:
ஓராண்டுத் திட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். ஒரு நாளுக்கான விலை அதில்தான் பெரும்பாலும் குறைவாக வரும். வேலிடிட்டியை மறந்துவிடும் ஆபத்தும் நீங்கும். நடுவில் கட்டணம் உயர்ந்தாலும் நம்மைத் தொடாது. அம்மாவின் நிலைக்கு இதுவே எனக்கு முதலில் தோன்றுகிறது, அதில் டேட்டா வீணானாலும் பரவாயில்லை. ஆனால் முன்பணம் பெரிய தொகை. பாதியில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றினால் மீதி நாள்களுக்கான பணமும் பேலன்ஸும் பொதுவாகத் திரும்பி வராது. அதனால் அந்த நிறுவனத்தின் சிக்னல் அம்மாவின் அறைக்குள் ஒழுங்காக எட்டுகிறதா என்பதைக் குறுகிய திட்டம் ஒன்றில் சோதித்துவிட்டு எடுங்கள். சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்தும் மலிவு நிறுவனங்களும் உண்டு. பேசுவதற்கு அவை போதும், நெரிசல் நேரத்தில் டேட்டா மட்டும் மந்தமாகக்கூடும்.

அம்மாவுடையது பழைய கைப்பேசி என்றால், 4ஜி வழியாகவே குரல் அழைப்பை எடுக்கும் வோல்டி வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் சிம்மைப் போட்டால், வோல்டி இல்லாத கைப்பேசியில் டேட்டா ஓடும், அழைப்பு போகாது.

முற்றம்:
அம்மாவின் கைப்பேசியில் வோல்டி இருக்கிறது, இப்போதுள்ள சிக்னலிலும் குறையில்லை. எனவே நிறுவனத்தை மாற்றாமல், எஸ்எம்எஸ் சேர்ந்த ஓராண்டுத் திட்டத்தையும் பேலன்ஸ் முறையோடு வேலிடிட்டி ரீசார்ஜையும் ஆண்டுக் கணக்கில் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன்.